வந்து நின்றாலே பணம்: வாங்கலாமா?

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன மாதம் துபாய்க்கு போன் செய்து, "தம்பி, இந்த வருஷம் நீ ஏதாவது பேசணும்" என்றார். "பம்ப்செட் பராமரிப்பு பற்றிப் பேசட்டுமா அண்ணே?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சாப்பாட்டுக்கு முந்தின பேச்சு தம்பி, பாதிப் பேர் எழுந்து பந்திக்குப் போயிடுவாங்க. வேற ஏதாவது பேசு" என்றார். ஆகவே பம்ப்செட்டை விட்டுவிட்டேன். ஆனால் அந்தப் பம்ப்செட் எந்த மைதானத்துக்குத் தண்ணீர் விடுகிறதோ, அந்த மைதானத்தைப் பற்றிப் பேசப் போகிறேன்.

நான் 2011-ல் இங்கிருந்து மெக்கானிக்கல் முடித்து வெளியே போனவன். அடுத்த வருஷமே வளைகுடாவுக்கு விமானம் ஏறினேன். கோல்ஃப் மைதானங்களுக்கு நீர் பாய்ச்சும் பம்பு, குழாய், ஸ்பிரிங்க்ளர் இவற்றைப் பராமரிப்பதுதான் என் தொழில். பாலைவனத்தில் பச்சைப் புல்லை உயிரோடு வைத்திருப்பது லேசான காரியமில்லை. கோல்ஃப் மட்டையை நான் கையில் பிடித்ததே இரண்டு முறைதான். இரண்டு முறையும் பந்து அங்கேயே இருந்தது, புல்தான் பறந்தது. ஆனால் ஆட்டத்தை வெளியே நின்று பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு கேள்வி வளர்ந்துவிட்டது. பெரிய ஆட்டக்காரர்களுக்கு ஒரு போட்டிக்கு வருவதற்கென்றே தனிப் பணம் கொடுக்கிறார்கள். ஜெயித்தால் கிடைக்கும் பரிசு வேறு, இது வேறு. வந்து நின்றாலே பணம். இதை அவர்கள் வாங்கலாமா, கூடாதா?

கோல்ஃப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான போட்டிகள் வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாள் நடக்கும். நூற்றைம்பது பேர் வரை ஆடுவார்கள். இரண்டு நாள் முடிந்ததும் பாதிக்கும் மேற்பட்டவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். இதற்குக் 'கட்' என்று பெயர். கட்டில் விழுந்தவனுக்குப் பொதுவாக ஒரு பைசா கிடையாது. விமான டிக்கெட், ஓட்டல், பையைச் சுமக்கும் கேடியின் கூலி எல்லாம் அவன் கைக்காசு. இந்த ஆட்டத்தின் அழகே இதுதான் என்பார்கள். உன் அடியை நீயே எண்ணி, நீயே கையெழுத்துப் போட்டு, அதற்கு என்ன கிடைக்கிறதோ அதை வாங்கிக்கொண்டு போ. அப்படிப்பட்ட ஆட்டத்தில் ஒருவருக்கு மட்டும், அட்டையில் எதுவும் எழுதுவதற்கு முன்பே கணக்கில் பணம் ஏறிவிடுகிறது.

எவ்வளவு என்று கேட்பீர்கள். இரண்டு கணக்கு சொல்கிறேன். 1997 பிப்ரவரியில் டைகர் வுட்ஸ் பாங்காக்கில் ஏஷியன் ஹோண்டா கிளாசிக் ஆடினார். அவருடைய தாயார் பிறந்த நாடு தாய்லாந்து. வருவதற்கு அவருக்குக் கிடைத்தது சுமார் 4.8 லட்சம் டாலர் என்று அன்று செய்தி வந்தது. பத்து அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். ஜெயித்ததற்கான முதல் பரிசு 50,000 டாலருக்கும் குறைவு. அதாவது வந்ததற்குப் பத்து பங்கு, ஜெயித்ததற்கு ஒரு பங்கு.

இரண்டாவது கணக்கு 2009 நவம்பர், மெல்பர்ன். ஆஸ்திரேலியன் மாஸ்டர்ஸ் போட்டிக்கு அதே டைகர் வுட்ஸை அழைத்தார்கள். கட்டணம் சுமார் 30 லட்சம் அமெரிக்க டாலர். அதில் பாதியை விக்டோரியா மாநில அரசு கொடுத்தது. அந்தப் போட்டியின் மொத்தப் பரிசுத் தொகையே 15 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்தான். ஆடிய அத்தனை பேருக்கும் சேர்த்துப் பகிர்ந்த தொகையைப் போல இரண்டு பங்குக்கு மேல் ஒரே ஒருவருக்கு! ஜெயித்தவரும் அவர்தான், முதல் பரிசு 2,70,000 ஆஸ்திரேலிய டாலர்.

இதைக் கேட்டதும் நமக்கு முதலில் கோபம்தான் வரும். எனக்கும் வந்தது. ஆனால் நியாயமாக மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மெல்பர்னில் டிக்கெட்டுகள் முன்கூட்டியே விற்றுத் தீர்ந்தன. நான்கு நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். மாநிலத்துக்குச் சுமார் 3.4 கோடி டாலர் வருமானம் என்று அரசு தரப்பில் கணக்குச் சொன்னார்கள். அரசு சொல்லும் வருமானக் கணக்கை நாம் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்றாலும், கூட்டம் வந்தது பொய்யில்லை. டைகர் வராவிட்டால் அந்தக் கூட்டம் இல்லை, தொலைக்காட்சி இல்லை, விளம்பரம் இல்லை.

நம் ஊரில் மார்கழிக் கச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்குப் பாடும் பெரிய வித்வானுக்குக் கொடுக்கும் சன்மானத்தைப் பார்த்து யாராவது பொறாமைப்படலாம். ஆனால் அவருக்கு டிக்கெட் விற்பதால்தான் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு டிக்கெட் இல்லாமல் ஒரு புதுப் பெண் மேடை ஏறிப் பாட முடிகிறது. அந்த முறையில் பார்த்தால் நட்சத்திரம் வாங்கும் பணம் அடுத்தவன் வாயிலிருந்து பறித்ததாகாது. பலருக்கும் சேர்த்து அவர் சமைக்கிறார் என்றே சொல்லலாம்.

வாங்குவதில் தன்மானம் இருக்கிறது என்று காட்டியவரும் உண்டு. ஸ்பெயின் நாட்டு செவே பல்லஸ்டெரோஸ். பெட்ரெனா என்ற கடலோர கிராமத்தில் பிறந்து, கடற்கரை மணலில் ஒரே ஒரு மட்டையை வைத்து ஆடப் பழகி, கேடியாக இருந்து மேலே வந்தவர். 1979-ல் பிரிட்டிஷ் ஓபன், 1980-ல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் இரண்டையும் வென்றுவிட்டார். அப்போது ஐரோப்பியப் போட்டிகளுக்கு அமெரிக்கர்களைப் பணம் கொடுத்து அழைத்தார்கள். "வெளியிலிருந்து வருகிறவனுக்குக் கொடுப்பதை எனக்கும் கொடு" என்பது செவேயின் வாதம். ஐரோப்பிய சுற்றின் நிர்வாகம் ஒப்பவில்லை. தகராறு முற்றி, 1981-ல் அமெரிக்காவை எதிர்த்து ஆடும் ரைடர் கோப்பை அணியில் அவரைச் சேர்க்கவே இல்லை. ஐரோப்பா பலமாகத் தோற்றது. 1983-ல் டோனி ஜாக்லின் தலைமையில் அவர் திரும்பி வந்தார், ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். 1985-ல் ஜெயித்தே விட்டார்கள். வீட்டுப் பிள்ளைக்குப் பழைய சோறு, விருந்தாளிக்கு வடை பாயசம் என்றால் பிள்ளைக்குக் கோபம் வராதா? செவே கேட்டதில் நியாயம் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, அமெரிக்காவில் என்ன செய்தார்கள்? பிஜிஏ டூர் என்ற அவர்களுடைய அமைப்பின் விதிப்படி, தன் போட்டிகளுக்கு வருவதற்காக எந்த ஆட்டக்காரரும் பணம் கேட்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. இருக்கிற பணம் எல்லாம் பரிசுத் தொகைக்குள் போகட்டும், ஆடி எடுத்துக்கொள் என்ற கொள்கை. எனக்கு இந்தக் கொள்கை மிகவும் பிடிக்கும். ஆனால் தண்ணீர் குழாயில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அழுத்தம் இருக்கிற இடத்தில் வால்வை மட்டும் மூடினால் தண்ணீர் நின்றுவிடாது, வேறு ஜாயிண்டில் கசியும்.

அப்படித்தான் கசிந்தது. 2021-ல் பிஜிஏ டூரே ஒரு திட்டம் கொண்டுவந்தது. ரசிகர்கள் மத்தியில் யாருக்குச் செல்வாக்கு அதிகம் என்று கணக்கிட்டுப் பத்து பேருக்கு 4 கோடி டாலர். முதலிடம் யாருக்கு? டைகர் வுட்ஸுக்கு, 80 லட்சம் டாலர். அந்த வருஷம் பிப்ரவரியில் கார் விபத்தில் கால் நொறுங்கி, அதிகாரப்பூர்வமான போட்டி ஒன்றில்கூட அவர் ஆடவில்லை! வந்து நின்றால் பணம் கொடுக்கக் கூடாது என்று சொன்னவர்கள், வராமல் இருந்தவருக்கே பணம் கொடுத்தார்கள். அவர் மேல் எனக்கு மரியாதைதான். ஆனால் இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை.

2022-ல் அணையே உடைந்தது. சவூதி அரேபியாவின் அரசு முதலீட்டு நிதியின் பணத்தில் லிவ் கோல்ஃப் தொடங்கியது. முதல் போட்டி ஜூன் மாதம் லண்டன் அருகே. 48 பேர், நான்கு நாளுக்குப் பதில் மூன்று நாள், கட் கிடையாது. மொத்தப் பரிசு 2.5 கோடி டாலர். கடைசியாக வந்தவருக்கும் 1,20,000 டாலர். பெரிய பெயர்களுக்குச் சேருவதற்கென்றே கோடிக்கணக்கில் முன்பணம். டைகருக்கு 70, 80 கோடி டாலர் அளவில் பேசப்பட்டது என்று லிவ் தலைமையில் இருந்த கிரெக் நார்மனே சொன்னார். டைகர் போகவில்லை. நம் நாட்டு அனிர்பன் லாஹிரி போனார். அதே வருஷம் மார்ச்சில் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பில் இரண்டாவதாக வந்து அசத்தியவர் அவர்.

இங்கே இன்னொரு கேள்வியும் வருகிறது: யார் பணம், எதற்காக? சவூதியில் 2019-ல் முதன்முதலாக ஐரோப்பிய சுற்றின் போட்டி நடந்தபோது, பத்திரிகையாளர் ஜமால் கஷோகி கொல்லப்பட்டு நான்கு மாதம்கூட ஆகவில்லை. பெரிய வருகைப் பணம் கொடுத்து ஆட்டக்காரர்களை அழைத்தார்கள். இங்கிலாந்தின் பால் கேஸி, தான் யூனிசெஃப் தூதராக இருப்பதைச் சொல்லிப் போக மறுத்தார். கை தட்டினோம். 2021-ல் அதே பால் கேஸி அங்கே போய் ஆடினார். அவரைப் பழிக்க நான் இதைச் சொல்லவில்லை. பணம் ஒருமுறை கேட்டுவிட்டுப் போய்விடாது, வருஷா வருஷம் வந்து கதவைத் தட்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நானும் அந்தப் பக்கத்துப் பணத்தில்தான் சாப்பிடுகிறேன். எனவே ரொம்பப் பேச எனக்குத் தகுதி இல்லை.

இப்போது என் சொந்தக் கதை. 2017 பிப்ரவரி. துபாய் டெசர்ட் கிளாசிக் போட்டிக்கு டைகர் வருகிறார் என்று ஊரெல்லாம் பேனர். அங்கே எங்களுக்கு அப்போது வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஆகவே வெள்ளிக்கிழமை பார்ப்பதென்று நானும், அறையில் கூட இருந்த சீனியர் அண்ணனும் முடிவு செய்தோம். வியாழக்கிழமை முதல் சுற்றில் டைகர் 77 அடி அடித்தார், ஒரு பேர்டிகூட இல்லை. முன்னணியில் இருந்த செர்ஜியோ கார்சியா 65. "பரவாயில்லடா, நாளைக்கு அடிப்பார்" என்றார் அண்ணன். வெள்ளிக்கிழமை தொப்பி, தண்ணீர் பாட்டில் எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். முதுகு வலியால் டைகர் விலகிவிட்டார் என்று செய்தி வந்தது. இரண்டாம் சுற்றில் ஒரு பந்துகூட அடிக்கவில்லை.

முதுகு வலியை யாரும் குறை சொல்ல முடியாது. அந்த ஏப்ரலில் அவருக்கு அறுவை சிகிச்சையே நடந்தது. பிறகு எழுந்து வந்து 2019-ல் மாஸ்டர்ஸ் ஜெயித்தது உலகம் அறிந்த கதை. ஆனால் அன்றைக்கு எங்கள் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அப்போ அந்தப் பணம்?" யாருக்கும் பதில் தெரியாது, ஏனென்றால் இந்த ஒப்பந்தங்களை வெளியே காட்டுவதே இல்லை. வலி உண்மையானது, ஆனாலும் சந்தேகம் வந்தது. பணத்தை மறைத்து வைப்பதால் வரும் முதல் நஷ்டம் வாங்குகிறவருக்குத்தான். அவருடைய நல்ல பெயர் போகிறது.

அப்புறம் நாங்கள் திரும்பிப் போய்விடவில்லை. வந்ததுதான் வந்தோம் என்று கார்சியா பின்னால் நடந்தோம். வருகைப் பணத்தில் வந்தாரோ, சும்மா வந்தாரோ, மனிதர் என்னமாக ஆடினார்! ஞாயிற்றுக்கிழமை அவர்தான் ஜெயித்தார். ஆட்டம் பெரியதா, ஆள் பெரியதா என்பதற்கு எனக்கு அன்று பதில் கிடைத்தது.

இதையெல்லாம் இந்த மேடையில் ஏன் பேசுகிறேன்? காரணம் இருக்கிறது. இதுவரை என் மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம்.

நான் இறுதியாண்டு படிக்கும்போது நம் துறை சிம்போசியத்துக்குப் பொருளாளர். தொடக்க விழாவுக்குத் திரைத்துறையைச் சேர்ந்த ஒரு பிரபலத்தை அழைத்தோம். பெயர் வேண்டாம், அவர் மேல் தவறும் இல்லை. கேட்டார், ஒப்புக்கொண்டோம். வசூல் எதிர்பார்த்த அளவு வரவில்லை. எங்கே கை வைப்பது? பந்தலைக் குறைக்க முடியாது, சாப்பாட்டைக் குறைக்க முடியாது. கட்டுரைப் போட்டிப் பரிசில் கை வைத்தேன். நோட்டீசில் முதல் பரிசு 10,000 ரூபாய் என்று அச்சடித்திருந்தோம். கவரில் 3,000 வைத்தேன். வைத்தது இந்தக் கைதான்.

பிரபலம் வந்தார், இருபத்தைந்து நிமிடம் இருந்தார், அரங்கம் அதிர்ந்தது, போய்விட்டார். மறுநாள் முதல் பரிசு வாங்கியவன் தெற்கே ஒரு சின்ன ஊர்க் கல்லூரியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த பையன். சிறு விவசாயிகளுக்கான விலை குறைந்த நீரேற்றி ஒன்றின் மாதிரியைச் செய்து எடுத்து வந்திருந்தான். கவரைப் பிரித்துப் பார்த்தான், நோட்டீசைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "பரவாயில்லைண்ணே, பஸ் சார்ஜ் வந்துடுச்சு" என்றான். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அவன் அப்படிச் சொன்னது இன்னும் காதில் கேட்கிறது. நான் இன்று சோறு தின்பது தண்ணீர் ஏற்றும் தொழிலில். எங்கள் வொர்க்‌ஷாப்பில் புது பம்பு ஒன்றைப் பிரிக்கும்போதெல்லாம் அந்தப் பையன் நினைவு வரும்.

ஆகவே, கோல்ஃப் நட்சத்திரம் வருகைப் பணம் வாங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். காட்சி ஆட்டம் என்றால் தாராளமாக வாங்கட்டும். 2014-ல் டைகர் டெல்லி கோல்ஃப் கிளப்பில் வந்து ஆடிக் காட்டினாரே, அதுபோல. அங்கே யாரும் அவரோடு போட்டியிட்டுப் பிழைப்பு நடத்தவில்லை. போட்டி என்றால் கதை வேறு. அங்கே பணம் வாங்கிக்கொண்டு வந்தவரும், கடன் வாங்கிக்கொண்டு வந்தவரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். அங்கேயும் வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று நிபந்தனை சொல்வேன்.

முதலாவது, அந்தப் பணம் பரிசுத் தொகையிலிருந்து ஒரு பைசாவும் குறைக்கக் கூடாது. நட்சத்திரத்தால் வரும் கூடுதல் வருமானத்தில் ஒரு பங்கு பரிசுக்கும் போக வேண்டும். இரண்டாவது, எவ்வளவு என்பது வெளியே தெரிய வேண்டும். அரசுப் பணம் ஒரு ரூபாய் கலந்திருந்தாலும் கட்டாயம் தெரிய வேண்டும். மூன்றாவது, வாங்குகிறவர் இந்தப் பணம் எதை மறைக்க வருகிறது என்று ஒரு நிமிஷம் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த மூன்றுக்கும் நேரான பதில் இருந்தால் வாங்கட்டும். இல்லையென்றால், ஏற்கெனவே கோடீஸ்வரராக இருப்பவர் வேண்டாம் என்று சொல்வதில் பெரிய கஷ்டம் ஒன்றுமில்லை. கட்டில் விழுகிறவனுக்குத்தான் அந்த வசதி கிடையாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த சிம்போசியத்துக்குப் பெரிய நட்சத்திரம் ஒருவரை அழைக்க வேண்டும், சங்கம் பணம் தர வேண்டும் என்று மாணவர் குழு கேட்டிருப்பதாகவும், இன்று மாலை செயற்குழுவில் அது பேசப்படும் என்றும் கேள்விப்பட்டேன். தம்பிகளே, அழையுங்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், எனக்கும் கைதட்டப் பிடிக்கும். ஆனால் பரிசுப் பணத்தை முதல் நாளே தனிக் கணக்கில் போட்டுப் பூட்டிவிடுங்கள். விருந்தினருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டுங்கள். எழுதக் கூச்சமாக இருந்தால் அந்தத் தொகை அதிகம் என்று அர்த்தம். வருகிறவரிடம், மேடையில் இருபத்தைந்து நிமிடத்தோடு போகாமல் மாணவர்களின் மாதிரிகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டுரைப் போட்டியின் முதல் பரிசை இனி ஒவ்வொரு வருஷமும் நானே தருகிறேன். அன்று நான் எடுத்த 7,000 ரூபாய்க்கு வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைவர் அவர்களிடம் காசோலையை இப்போதே கொடுத்துவிடுகிறேன். என் பெயர் வேண்டாம். அந்தப் பையன் பெயரைப் போடலாம் என்றால் அவன் பெயர் எனக்கு நினைவில்லை. அன்று வந்த பிரபலத்தின் பெயர் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. என் வருத்தமே அதுதான்.

இந்தக் கூட்டத்துக்கு நான் டிக்கெட் போட்டு வந்தேன், யாரும் எனக்கு வருகைப் பணம் தரவில்லை. மத்தியானச் சாப்பாடு உண்டு என்று செயலாளர் அண்ணன் வாக்குக் கொடுத்திருக்கிறார். அதை வாங்கலாம் என்றுதான் நினைக்கிறேன்.